ஏறாத கோடுகள்

ஏரி பச்சையாவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வெயில் ஏறி, மழை தள்ளிப்போய், காற்றும் நின்றுவிட்டால் கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் ஒரு படலம் வந்து ஒதுங்கும். குழந்தைகள் குச்சியால் அதைக் கிழித்துப் பார்ப்பார்கள். நாய்கள் மோந்து பார்க்கப் போகும், வளர்ப்பவர்கள் வாரைப் பிடித்து இழுப்பார்கள். பிறகு ஒரு நாள் காற்று அடிக்கும், படலம் எதிர்க்கரைக்குப் போய்விடும், ஊர் அதை மறந்துவிடும். நான் சொல்லும் வருடத்தில் காற்று அடிக்கவில்லை.

என் மனைவி நீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஊருக்குக் குடிநீர் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது அவள் வேலை. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, அதே தண்ணீரை நம்பித்தான் அவள் உயிரும் இருந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் மையத்துக்குப் போவாள். ஒருமுறை உட்கார்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த இயந்திரத்தின் வழியாக ஓடும். அவள் ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். குடிக்கிற தண்ணீர் என்றால் வயிறு, குடல் என்று வழியில் சில காவல்காரர்களாவது உண்டு. இது நேராகப் படுக்கையறைக்குள் நுழைகிற தண்ணீர்.

அவள் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இங்கே எழுதப்போகிற சம்பவத்தால் அல்ல. அதற்கு வெகுகாலம் கழித்து, இதயம் நின்று, சாதாரணமாக. ‘சாதாரணமாக’ என்பது டாக்டர் சொன்ன சொல்.

ஏரியில் வந்தது நீலப்பச்சைப் பாசி. அதில் விஷம் சுரப்பதும் உண்டு, சுரக்காததும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆய்வகத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவள் இதைச் சொல்லும் விதம் ஒன்று இருந்தது. “ரெண்டு பேர் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்காங்க. ஒருத்தன் பையில கத்தி இருக்கு. மைக்ரோஸ்கோப்புக்குச் சட்டைதான் தெரியும். பையைத் துழாவறதுதான் எங்க வேலை.” துழாவுவது மரபணுவை. விஷத்தைச் செய்யத் தேவையான மரபணு பாசியில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். மரபணு இருந்தால் அதை இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கிப் பெருக்கிக்கொண்டே போகும். பெருகப் பெருகத் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் கோடு தரையிலேயே கிடக்கும்.

படலம் கரையை விட்டுப் போகாது என்று ஆனதும், இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் நான் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். ஆய்வகத் தலைவர் அவளோடு படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கை என்னிடம் மாற்றினார்.

“நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க சார். இந்த டெஸ்ட்ல இவங்க கை படக்கூடாதுங்கறேன். இவங்க உடம்பு சமாசாரம் ஊருக்கே தெரியும். நாளைக்கு ‘இருக்கு’ன்னு வந்தா, பயந்துபோய் எழுதிட்டாங்கம்பான்.”

“‘இல்ல’ன்னு வந்தா என்ன சார் சொல்வான்?” என்று அவள் கேட்டாள்.

“அதை இன்னும் யோசிக்கல.”

“தண்ணில எனக்கு மட்டும்தான் சம்பந்தமா? நீங்க என்ன, சோடா குடிச்சா உயிர் வாழறீங்க?”

தலைவர் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. நல்ல மனிதர்தான். நாற்காலிக்குக் கொஞ்சம் பயந்தவர். “சம்பந்தப்பட்டவங்க தள்ளி நிக்கறதுதான் முறை. அவசரம் பண்ணிடுவார்.”

அவசரம் என்பது அவளுடைய சக ஊழியரின் பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும். தொலைபேசியில் அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். கை சுத்தமான வேலைக்காரர். ஒரு வேலை முடியும் முன்பே அடுத்ததற்கு எழுந்துவிடுவார் என்பதுதான் அவர்மேல் இருந்த ஒரே குறை. ஸ்கூட்டரில் வரும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள், “சரியாத்தான் சொல்றார், என்ன பண்றது” என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் அளவுதான். தாகம் எடுத்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். அப்படி ஒதுக்கியபடியே தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். எதிர்முனையில் அவசரம் பேசுவது எனக்கும் கேட்டது.

“அக்கா, நல்ல சேதி. இல்ல. எல்லா டியூப்லயும் இல்ல. நிம்மதியா நாளைக்குப் போய் உட்காருங்க.”

“சாம்பிள் எங்க எடுத்தீங்க?”

“கரையோரம்தான். நல்லா கெட்டியா இருக்கிற இடமாப் பார்த்து. தயிர் மாதிரி இருந்துச்சுக்கா, கரண்டியாலயே எடுத்திருக்கலாம்.”

“அதை அப்படியே போட்டீங்களா?”

“பின்ன? நிறைய இருந்தாத்தானே மாட்டும்?”

அவள் ஐஸ் துண்டைக் கடித்து விழுங்கினாள். “கண்ட்ரோல் ஏறிச்சா?”

இந்தக் கண்ட்ரோல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டியூபிலும் ஏரிக்குச் சம்பந்தமில்லாத, தெரிந்த மரபணுத் துண்டு ஒன்றையும் அவர்களே போட்டுவைப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு கோடு. தண்ணீரில் விஷப்பாசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கோடு ஏறியே ஆகவேண்டும். ஏறினால் இயந்திரம் வேலை செய்கிறது என்று பொருள். ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கும் முன் தன் பெயரையே ஒருமுறை கூப்பிட்டு ‘உள்ளேன்’ சொல்லிப் பார்ப்பதுபோல.

“அது எப்பவும் ஏறும்லக்கா.”

“ஏறிச்சான்னு கேட்டேன்.”

“திரையில அதை மறைச்சில்ல வெச்சிருக்கோம்? நீங்கதானே மறைச்சீங்க?”

அது உண்மை. வருடக்கணக்காக அவர்களிடம் வந்தது தெளிந்த தண்ணீர். கண்ட்ரோல் கோடு எல்லா டியூபிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஏறியது. திரை முழுக்க அதுவே. “என்னம்மா இது, நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி, இதை யார்கிட்ட காட்றது?” என்று தலைவர் ஒருமுறை சொல்லப்போக, அவள் அந்தக் கோடுகள் மட்டும் திரையில் தெரியாதபடி செய்து கொடுத்தாள். அச்செடுத்தால் அழகாக இருந்தது. முதலில் கொஞ்சநாள் அதைத் தனியாகத் திறந்து பார்த்தார்கள். என்றைக்கும் ஏறிக்கொண்டிருந்த கோடு என்பதால் பிறகு பார்க்கவில்லை. ஏறாமல் போகக்கூடும் என்கிற நினைப்பே அந்த அறையில் யாருக்கும் இல்லாமல் போனது.

“ஆமா, நான்தான் மறைச்சேன். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“கிளம்பிட்டேன்க்கா. பூட்டிட்டு, வாசல்ல.”

“திறங்க. திறந்து அதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

சாவி திரும்புகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டன. பிறகு விசைகளைத் தட்டுகிற சத்தம்.

“அக்கா… அதுவும் தரையிலதான் கிடக்கு.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

கெட்டியான பாசியில் ஒருவிதக் கொழகொழப்பு உண்டு. அதிகமாகிவிட்டால் அதுவே சோதனையின் கழுத்தை நெரித்துவிடும், எதுவும் பெருகாது. அதனால் பாசி அடர்ந்த தண்ணீர்தான் சுத்தமான தண்ணீர்போலக் காட்டும். அவசரம் பார்த்தது ‘இல்லை’ அல்ல. இயந்திரம் கண்ணைத் திறக்கவே இல்லை. செய்யவேண்டியது அந்தச் சாற்றை நீர் கலந்து இளக்கிவிட்டு மறுபடி ஓட்டுவது. ‘நிறைய இருந்தால்தான் மாட்டும்’ என்பதற்கு நேர் எதிர்.

“பத்துல ஒண்ணு, நூறுல ஒண்ணு, ரெண்டும் போடுங்க. காலையில வந்ததும் முதல் வேலை அதுதான். நான் தொட மாட்டேன், பக்கத்துல நிப்பேன்.”

“சார் பேப்பருக்குச் சொல்லிட்டாரேக்கா. ‘குடிக்க உகந்தது’ன்னு நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டியாச்சு.”

“நாளைக்கு மத்தியானம் எனக்கு ஷிப்ட்” என்று மட்டும் அவள் சொன்னாள். அந்த டயாலிசிஸ் ஷிப்டில் அவளோடு ஆறு பேர் உட்காருவார்கள்.

டயாலிசிஸ் நாட்களில் நான் விடுப்பு எடுத்துக்கொள்வேன். அதனால் மறுநாள் காலை ஆய்வகத்தின் நடையில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் சொன்னபடியே எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவசரம் அன்றைக்கு அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொட்டையும் விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். தலைவர் வந்தார், போனார், மறுபடி வந்தார். இயந்திரம் ஓடி முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். யாராலும் அதை முடுக்க முடியாது.

இளக்கிய டியூபுகளில் கண்ட்ரோல் கோடு ஏறியது. கொஞ்சம் பின்னால், கிட்டத்தட்ட அதே சாய்வில், இன்னொரு கோடும் ஏறியது.

தலைவர் திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். “மரபணு இருந்தா விஷம் இருக்குன்னு ஆயிடுமாம்மா?”

“ஆகாது சார். செய்யத் தெரிஞ்சதுங்க உள்ள இருக்குங்கறது உறுதி. செஞ்சிருக்கான்னு தெரிய விஷத்தையே அளக்கணும்.”

“அந்தக் கிட் நம்மகிட்ட இல்லையே.”

“இல்ல. தலைநகர் லேபுக்கு இப்ப அனுப்பினா நாளைக்குச் சாயங்காலம் சொல்வாங்க.”

“இருந்தாலும் நம்ம பிளான்ட்ல வடிகட்டறோம், குளோரின் போடறோம். குடிக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

“எனக்கும் இல்ல சார். குடிக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

அவர் நிமிர்ந்தார். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும், மத்தியானம் எங்கே உட்காருகிறாள் என்பதும் அவர் மண்டைக்குள் அதுவரை தனித்தனி அறைகளில் இருந்திருக்கவேண்டும். பிறகு அவர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஏரித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஐஸ்பெட்டியில் வைத்து ஆளோடு அனுப்பினார். மேலிடத்தில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டே, மையத்துக்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு டேங்கர் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஆனால் டேங்கர் மறுநாள் காலையில்தான் வரும்.

மையத்துக்கு நாங்கள் போய்ச்சேர்ந்தபோது பெரிய சிஸ்டர் எல்லாருக்கும் எடை பார்த்து முடித்திருந்தார். என் மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

“உங்க வாட்டர் போர்டுலேருந்து காலையில தாள் வந்திருக்கே, நல்ல தண்ணின்னு. அதுல உங்க ஆபீஸ் முத்திரைதான் இருக்கு. நான் எதை நம்பறது?”

“அது குடிக்கறதுக்கு சிஸ்டர். உங்க வடிகட்டி எவ்வளவு பழசுன்னு எனக்குத் தெரியும். எத்தனை தடவை எழுதிப் போட்டிருக்கீங்கன்னும் தெரியும். டேங்கர் வர்ற வரைக்கும் யாரையும் மாட்டாதீங்க.”

சிஸ்டர் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். டாக்டர் வேறொரு ஊரில் இருந்தார். ஒருநாள் தள்ளினால் தாங்குவார்களா என்று ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலோர் தாங்குவார்கள். தையல்காரப் பெண் முணுமுணுத்தாள். நாளைக்கு ஒரு துணி கொடுத்தாகவேண்டும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தன் பையிலிருந்த புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்தார்.

மீதி இருந்தவர் பஸ் டிரைவர். கனத்த ஆள், சத்தமான ஆள். என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி. அவளை ‘தண்ணி டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். முந்தைய முறை வரவில்லை. வீட்டில் ஏதோ சண்டை, கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். படுத்தவர் வெயிலுக்கு ஆரஞ்சு ஜூஸ் குடித்திருக்கிறார், அதுவும் ஜாடியோடு. அன்றைக்கு அவர் சத்தமாக இல்லை. கால் கனக்கிறது, தூக்க முடியவில்லை என்றார். சிஸ்டர் இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். ஜூஸில் இருந்த பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்குப் போயிருந்தது.

டாக்டர் ஸ்பீக்கரில் பேசினார். “ஊசியைப் போடுங்க, கொஞ்ச நேரம் தாங்கும். அடுத்த ஊர்ல நாற்காலி இருக்கா?”

“கேட்டாச்சு டாக்டர். எல்லாம் நிறைஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில அனுப்புங்கன்றாங்க.”

“காலைவரைக்கும் தாங்காது.” பிறகு டாக்டர், “அந்த லேப் அம்மா அங்க இருக்காங்களா?” என்றார்.

“இருக்கேன் டாக்டர்.”

“தண்ணியில விஷம் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. ஏரியில செய்யக்கூடியது இருக்கு. உங்க குழாய்ல எவ்வளவு வந்திருக்குன்னு நாளைக்குத்தான் தெரியும். வராமலும் இருக்கலாம். வந்திருந்தா ஈரலைத்தான் முதல்ல அடிக்கும்.”

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

அவள் டிரைவரைப் பார்த்தாள். அவர் உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் யோசித்தது மிகக் கொஞ்ச நேரம்தான் என்று நினைக்கிறேன்.

“அண்ணனை மாட்டுங்க. பொட்டாசியம் நிச்சயம். பாசி ‘இருக்கலாம்’. முழு நேரம் வேண்டாம். ஆபத்து தாண்டினதும் நிறுத்திடுங்க. மீதியை நாளைக்கு டேங்கர் தண்ணில வெச்சுக்கலாம்.”

டாக்டர், “அதேதான்” என்றார்.

டிரைவர் தலையைத் திருப்பினார். “நீ உட்காரப்போறியாம்மா?”

“இல்லண்ணே.”

“விஷம்னு நீ உட்கார மாட்டே. என்னை உட்காரச் சொல்றே.”

“ஆமாண்ணே.”

“பிரேக் இல்லாத வண்டியில ஏறுன்னு சொல்ற முதல் ஆள் நீதான்.”

“நீங்க ரோட்டு நடுவுல நிக்கறீங்கண்ணே. பின்னாடி லாரி வருது. ஏறித்தான் ஆகணும்.”

அவர் மூச்சுக்கு நடுவே சிரிக்க முயன்றார். சிஸ்டர் ஊசியைக் குத்தினார். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் என் மனைவி தன் வழக்கமான நாற்காலியில், எதிலும் மாட்டப்படாமல், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே போகும் குழாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்; பார்த்தால் தெரிகிற பொருள் அல்ல அது என்பது அவளைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்? பாதி நேரத்தில் துடிப்பு சீரானது. நிறுத்திவிட்டார்கள். டிரைவர் எழுந்து நின்று காலை உதறிப் பார்த்து, “பஸ் ஓடுது” என்றார்.

அன்று வீட்டில் என் மனைவியால் படுக்க முடியவில்லை. டயாலிசிஸ் தள்ளிப்போனதால் மூச்சு இழுத்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள். மறுநாள் டேங்கர் வந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள், அவளும். சாயங்காலம் தலைநகரிலிருந்து முடிவு வந்தது. ஏரியில் விஷம் ஏராளம். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம், குடிநீருக்கு அனுமதித்த அளவுக்குள். தலைவர் ஒட்டிய அறிவிப்பில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மையத்துக்கு மட்டும் மழைக்காலம் வரை டேங்கர் தொடரவேண்டும் என்று அவர் எழுதினார். அவசரம் கண்ட்ரோல் கோட்டை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்.

டிரைவருக்கு அன்று இரவே வாந்தி ஆரம்பித்திருந்தது. இரண்டொரு நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் மனைவி பார்க்கப் போகவேண்டும் என்றாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

“வா, தண்ணி டாக்டரம்மா. உன் பாசி என் கண்ணுல பூத்திருக்கு பாரு” என்றார் அவர். குரல் இளைத்திருந்தது.

“ரிசல்ட் வந்துடுச்சுண்ணே. இருந்துச்சு. கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“குடிக்கலாம்ங்கற அளவு.”

“அப்ப குடிச்சிருக்கலாம். வாய்க்காவது ஈரமா இருந்திருக்கும்.”

அவர் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இப்போது கேட்டார்.

“தெரிஞ்சேதான் உட்கார வெச்சியா?”

“தெரிஞ்சுதான் அக்கா.”

“இதோ நிக்கறாரே, உன் வீட்டுக்காரர். இவரா இருந்தா சொல்லியிருப்பியா?”

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. “இவரா இருந்தாலும் மாட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“ஆனா நீ உட்காரல.”

“எனக்கு ஒரு ராத்திரி மிச்சம் இருந்துச்சுக்கா. அண்ணனுக்கு இல்ல.”

“அவகிட்ட சண்டை போடாதடி” என்றார் டிரைவர். “நான் ஜூஸ் குடிச்சதுக்கு அவ என்ன பண்ணுவா?”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு வீட்டுல வெச்சிருக்கேன்.” அந்தம்மா என் மனைவியின் பக்கம் திரும்பினார். “சண்டை இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவரு ஈரல் தேறி வந்துடும்னு டாக்டர் சொல்றார். தேறி வந்தா திரும்ப அதே தண்ணியிலதானே உட்காரணும்? இவரு உட்கார்ற ஒவ்வொரு தடவையும், அதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணி, தண்ணி எப்படின்னு நீ சொல்லணும். போர்டுல ஒட்டறது எனக்கு வேண்டாம். நீ சொல்லணும்.”

“சொல்றேன்க்கா.”

“மறந்தா இவரை அனுப்ப மாட்டேன். அந்தப் பாவம் உன்னோடது.”

அவர் தேறி வந்தார். அவள் சொன்னபடி செய்தாள். வாரம் மூன்று நாள் காலையில், அவசரத்திடம் கேட்டுவிட்டு, அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். பெரும்பாலும் ஒரே வார்த்தை: “போகலாம்.” சில கோடைகளில், “டேங்கர் வந்திருக்கு, போகலாம்.” அவளுக்கே உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் போனை என்னிடமிருந்து வாங்கிச் சொன்னாள்.

அவள் போன மூன்றாம் நாள் காலையில் வீட்டில் போன் அடித்தது. டிரைவரின் மனைவி. துக்கம் விசாரிக்க முதல்நாளே வந்து போயிருந்தார். இப்போது தயங்கிக்கொண்டே, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இவரு கிளம்பி உட்கார்ந்திருக்கார்” என்றார்.

எனக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. “கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்றேன். அவசரத்தின் எண்ணைத் தேடி எடுத்தேன்.